கூரை ஏறாமல் விலை சொல்பவர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து வீடொன்றில் சூரிய மின்தகடு பொருத்த வருகின்ற ஒப்பந்தக்காரரை மதிப்பிடுவதற்கு, அவர் காட்டும் தகட்டின் வணிகப் பெயரும் கிலோவாட்டுக்கு அவர் சொல்லும் விலையும் பெரிதாக உதவுவதில்லை. விலையைச் சொல்லும் முன் அவர் கூரையில் ஏறினாரா, ஏறியவர் அங்கே எவற்றைப் பார்த்தார், பார்த்தவற்றை எழுத்தில் தந்தாரா என்பவையே இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் வீட்டு வேலைகளை மேற்பார்வையிட்ட அனுபவம் காட்டும் அளவுகோல்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் இம்மாவட்டத்தில் கூரை நனையாத மாதங்கள் குறைவு; ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று தோவாளை வட்டத்து மொட்டைமாடிகளையும் விட்டுவைப்பதில்லை; முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எனத் தொடரும் கரையோரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது; இவற்றோடு, தென்னை இல்லாத மனை அரிது. வேறு மாவட்டங்களில் நன்றாக வேலை செய்து பெயரெடுத்தவர் இங்கே தடுமாறுவதற்கு இக்காரணங்களே போதுமானவை.

பழைய நாஞ்சில் நாட்டு வீட்டு வேலையில் ஒப்பந்தக்காரர் என்ற தனி ஆளுக்கு இடம் குறைவாகவே இருந்தது. செங்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு ஆகியவற்றை வீட்டுக்காரரே வாங்கிப்போட, கொத்தனாரும் ஆசாரியும் நாள்கூலிக்கு வேலை செய்தனர். அவர்கள் அதே ஊரையோ அடுத்த ஊரையோ சேர்ந்தவர்களாக இருந்தமையால், ஓடு நழுவினாலும் கழுக்கோல் உளுத்தாலும் அடுத்த மழைக்கு முன் அவர்களையே கூப்பிட முடிந்தது. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணம் 1980களிலும் 1990களிலும் இங்கே கான்கிரீட் வீடுகளாக உருமாறியபோது, வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நிலையில் முதலில் கூலி ஒப்பந்தமும், பின்னர் பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் முழு ஒப்பந்தமும் பரவின. எந்தச் சிமெண்ட், எத்தனை மில்லிமீட்டர் கம்பி, தளத்தின் மேல் நீர்த்தடுப்பு உண்டா இல்லையா என்று கேட்கும் பழக்கம் அக்காலத்தில்தான் தேய்ந்தது. சூரிய மின்தொழில் பிறகு வந்து அமர்ந்ததும் இந்தப் பழக்கத்தின் மீதுதான். சதுர அடி இருந்த இடத்தில் கிலோவாட் வந்தது, ஒற்றை வரி விலை அப்படியே நீடித்தது.

2012ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் பல மணிநேர மின்வெட்டு நிலவியது. அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டு, 2015க்குள் 3,000 மெகாவாட் என்ற இலக்கை அறிவித்ததோடு, பின்னர் வீட்டுக்கூரை அமைப்புகளுக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. அக்காலத்தில் இத்தொழிலுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் யு.பி.எஸ்., பேட்டரி வணிகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பேட்டரி தெரிந்த அளவுக்குக் கூரை தெரியாது. அன்றைய வாடிக்கையாளர் கேட்டதும் ஒன்றே, கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். ஆகவே மின்வாரியக் கம்பியோடு இணையாமல் பேட்டரியை நம்பி இயங்கும் ஆஃப்-கிரிட் அமைப்புகள் விற்றன. தண்ணீர் ஊற்றிப் பராமரிக்காத பேட்டரிகள் சில ஆண்டுகளில் கெட்டபோது, தகடுகள் நன்றாக இருந்தும் அமைப்பு முழுவதும் பயனற்று நின்ற வீடுகளை நாகர்கோவிலைச் சுற்றிப் பரவலாகக் காண முடிந்தது. பேட்டரியை எப்போது மாற்ற வேண்டியிருக்கும், அப்போதைய செலவு என்ன என்பதை விற்கும் நாளிலேயே எழுதித் தந்தவர்கள் மிகச் சிலர். அவர்களே இன்றும் இத்தொழிலில் நிலைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்னர் மின்வாரியக் கம்பியோடு நேரடியாக இணையும் ஆன்-கிரிட் அமைப்புகள் வந்தன. பகலில் உற்பத்தியாகி வீட்டுத் தேவைக்கு மிஞ்சும் மின்சாரம் வாரியத்துக்குச் செல்ல, இருவழிக் கணக்கையும் பதியும் நெட் மீட்டர் வழியே கழிவு கிடைப்பது இவற்றின் முறை. வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன் இந்த இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் பணியாளர் மீது வீட்டுக்கூரையின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான கட்டாயப் பாதுகாப்பு அது. இந்த ஒரு செய்தியை வாங்கும் முன் அறியாத வீட்டுக்காரர்கள், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்து, ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தபோதுதான் அதை அறிந்தனர். புயலுக்குப் பின் வெயில் அடித்தது, தகடுகள் கூரையில் இருந்தன, வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. இணைந்தும் தனித்தும் இயங்கவல்ல ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் சிறு பேட்டரியும் வேண்டுமா என்ற கேள்வியை, அதன் கூடுதல் செலவோடு, பேச்சின் தொடக்கத்திலேயே தாமாக எழுப்பும் ஒப்பந்தக்காரரை நம்பலாம். கேட்டபின்பும் மழுப்புகிறவரை அந்த இடத்திலேயே விலக்கிவிடலாம்.

ஒக்கி கற்பித்த மற்றொரு பாடம் காற்றின் மேல்நோக்கிய விசை பற்றியது. வீட்டுக்காரர்கள் பொதுவாகத் தகட்டின் எடையைக் கண்டு அஞ்சுகிறார்கள். 550 வாட் தகடொன்று ஏறத்தாழ 28 கிலோ எடையுடன் இரண்டரைச் சதுர மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான பரப்பில் பரவியிருப்பதால், சதுர மீட்டருக்கு விழும் சுமை, சட்டத்தையும் சேர்த்தால்கூட, மனிதர் நடமாடுவதற்கென வடிவமைக்கப்பட்ட கான்கிரீட் தளம் தாங்கும் அளவில் ஒரு சிறு பங்குதான். ஆபத்து அத்தகட்டுக்கு அடியில் புகுந்து தூக்கும் காற்றினால் வருகிறது. மாடியில் துணியும் கொப்பரையும் உலர்த்த இடம் வேண்டும் என்பதற்காக எட்டடி, பத்தடி உயரத்தில் சட்டம் எழுப்பச் சொல்வது இங்கே வழக்கம். உயரம் கூடக் காற்றின் பிடி கூடுகிறது, அதற்கேற்பக் காலின் கனமும் குறுக்குத் தாங்கிகளும் அடிக்கட்டையின் எடையும் கூட வேண்டும். உயரத்துக்குக் கூடுதல் பணம் கேட்டவர்கள் பலர், கூடுதல் அடிக்கட்டை போட்டவர்கள் அவர்களில் சிலர் மட்டுமே என்பதே இக்கட்டுரையாளர் மேற்பார்வையில் கண்டது. ஒழுகலுக்கும் வெப்பத்துக்கும் தீர்வாக மாடியின் மேல் இரும்புச் சட்டமும் தகரமும் போடும் டிரஸ் வேலை மார்த்தாண்டம், குலசேகரம் பக்கங்களில் மிகுதி; அத்தகரத்தின் மேல் தகடு பொருத்துகிறவர், திருகாணியைத் தகரத்தில் மட்டும் இறக்காமல் அடியிலுள்ள குறுக்குக் குழாயில் இறக்குகிறாரா என்பதை வேலை நடக்கும்போதே பார்த்தாக வேண்டும், முடிந்தபின் அது கண்ணுக்குத் தெரியாது.

சாய்வைப் பற்றிய கேள்வியும் ஒப்பந்தக்காரரை எளிதில் அடையாளம் காட்டும். நாகர்கோவில் ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே செல்கிறது. வட இந்தியக் கணக்கைக் கொண்டு 20 பாகையில் தெற்கு நோக்கிச் சாய்க்கும் சட்டம் இங்கே அம்மாதங்களின் உற்பத்தியைக் குறைப்பதோடு, காற்றுக்கும் அதிகமாக இடம் கொடுக்கிறது. 8 முதல் 10 பாகைச் சாய்வே இவ்விடத்துக்குப் பொருந்துவது, மழைநீர் வழிந்து தூசு கழுவப்படுவதற்கும் அது போதும். வடக்கு நோக்கிய ஓட்டுச் சரிவு உள்ள வீடு முற்றிலும் தகுதியற்றது என்று தள்ளிவிடுபவருக்கும் இவ்வட்டாரத்துச் சூரியன் பழக்கமில்லை.

நிழல் இதைவிடச் சிக்கலானது. மாடிப்படிக்கு மேலுள்ள அறையும் தண்ணீர்த் தொட்டியும் டிசம்பர் நண்பகலில் வடக்கே நிழல் வீழ்த்துகின்றன, ஜூனில் அதே நிழல் தெற்கே விழுகிறது. ஒரு நாள் பிற்பகலில் வந்து கைப்பேசியில் படம் பிடித்துச் செல்பவருக்கு ஆண்டின் ஒரு பக்கம்தான் தெரியும். தகடுகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும்போது ஒன்றின் மேல் விழும் தென்னோலை நிழல் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டத்தையும் பாதிக்கக் கூடும். தோவாளைப் பக்கத்து வீடொன்றில் தெற்கு எல்லைக்கு அப்பால், பக்கத்து மனையில் நின்ற இளந்தென்னைகளை எவரும் கணக்கில் கொள்ளாமல் தகடு பொருத்தப்பட்டு, சில ஆண்டுகளில் அவை வளர்ந்தபின் குளிர்காலக் காலைநேர உற்பத்தி பெருமளவு சரிந்தது. மரம் மற்றவருடையது, வெட்டச் சொல்ல வழியில்லை. கிழக்கு, தெற்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் அடுத்த மனையில் என்ன நிற்கிறது, பத்து ஆண்டில் அது எவ்வளவு உயரும் என்று கேட்கிற ஒப்பந்தக்காரர் இவ்வூரின் வளர்ச்சியை அறிந்தவர்.

கரையோர வீடுகளுக்குச் சட்டத்தின் உலோகமே தலையாய செய்தி. உருகிய துத்தநாகத்தில் முழுவதுமாக முக்கியெடுத்த இரும்பு, பூச்சு மட்டும் அடித்த இரும்பு ஆகிய இரண்டும் புதிதாக இருக்கும்போது தோற்றத்தில் பெரிதும் வேறுபடுவதில்லை. கடற்காற்றில் இரண்டாவது வகை விரைவில் கொப்புளித்து உரியத் தொடங்கும். மானியத் திட்டங்களின் தொழில்நுட்ப விதிகள் துத்தநாகப் படலத்துக்கு 80 மைக்ரான் என்னும் அளவைக் கேட்கின்றன. அதை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது, நேர்மையான ஒப்பந்தக்காரர் அதைத் தம் பையில் வைத்திருப்பார். படலம் சரியாக இருந்தும் வேலை கெடுவது வேறிடத்தில்: பட்டறையில் துளையிட்டு வளைத்தபின் முக்க வேண்டிய இரும்பை, முக்கியபின் மாடியில் வைத்து வெட்டியும் துளையிட்டும் வெல்டிங் செய்தும் பொருத்துகிறார்கள், அந்த வெட்டு வாய்களில்தான் துரு முதலில் பிடிக்கிறது. குளச்சல் பக்கத்தில் இக்கட்டுரையாளர் ஆய்ந்த ஒரு கூரையில், சட்டத்தின் நடுப்பகுதிகள் மாசற்றிருக்க, துளைகளைச் சுற்றி மட்டும் இரும்பு செதிலாக உதிர்ந்திருந்தது. போல்ட்டுகளுக்கு 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு நகருக்குள் போதும், அலைச் சாரல் எட்டும் தூரத்தில் 316 வகை வேண்டும், அல்லது அலுமினியச் சட்டம் வேண்டும். தகட்டுக்கே உப்புமூட்டச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 சான்று உண்டா என்று கேட்டால், அதைக் கேள்விப்பட்டிராத விற்பனையாளர் திகைப்பது முகத்திலேயே தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட மிகுதியான வழக்குகளைப் பிறப்பித்தது கூரை ஒழுகல். மழைநீர் இறங்காதிருக்கச் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்து, மேலே தட்டோடு பதித்த பழைய மாடிகள் இங்கே ஏராளம். அத்தளத்தின் மேல் துளையிட்டு நங்கூர ஆணி இறக்கினால் பல ஆண்டுகள் காத்த நீர்த்தடுப்பு ஒரு நாளில் உடைகிறது. இறங்கிய நீர் துளையிட்ட இடத்தில் சொட்டுவதில்லை, சுண்ணாம்புத் தளத்துக்கு அடியில் பரவி வேறோர் அறையின் மூலையில் வெளிப்படும். அப்போது தகடு பொருத்தியவர் பழைய கூரையைக் குறைசொல்கிறார், கூரையைச் செப்பனிட்ட கொத்தனார் தகடு பொருத்தியவரைக் குறைசொல்கிறார். இருவருடைய தாளிலும் பொறுப்பு யாருடையது என்ற ஒரு வரி இல்லை. விலை பேசும் நாளில் “அண்ணாச்சி, நீங்க பேடிக்காண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்” என்று சொன்ன வாய்மொழி, ஒழுகிய நாளில் எந்தப் பயனும் தராது.

சரியான வரிசை எளியது, ஆனால் இரு தொழிலாளரும் ஒரே நாளில் ஒரே மாடியில் நின்று பேசினால்தான் அது நடக்கும். தளத்தின் அடிப்புறத்தில் கம்பி துருத்தேறிக் கான்கிரீட் உதிர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, உதிர்ந்திருந்தால் அதைச் சீராக்க வேண்டும். பின்னர் சட்டத்தின் கால்கள் எங்கே வரும் என்று குறித்து, அவ்விடங்களில் மேல்தளத்தைக் கொத்தியெடுத்து, கான்கிரீட் அடிக்கட்டைகளைத் தளத்தோடு பிணைத்து வார்த்து, அதன்பின் நீர்த்தடுப்பை அக்கட்டைகளின் பக்கவாட்டிலும் ஏற்றிப் பூசி, மாடியில் சில நாள் நீரைத் தேக்கி வைத்துச் சோதித்து, கடைசியில்தான் தகட்டை ஏற்ற வேண்டும். தகட்டுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தரப்படுகிறது; ஐந்தாறு ஆண்டில் செப்பனிட வேண்டிய கூரையின் மேல் அதை வைப்பது, அப்போது கழற்றி மாட்டும் செலவை இன்றே ஒப்புக்கொள்வதாகும். கூரை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்காமலே முன்பணம் கேட்பவர், கழற்றி மாட்டும் அந்த வேலையையும் எதிர்காலத்தில் தமக்கே கிடைக்கும் வருவாயாகக் கருதுகிறார் என்று கொள்வதில் தவறில்லை. அந்த 25 ஆண்டு உத்தரவாதமும் தகட்டைச் செய்த ஆலையுடையது, பொருத்தியவருடையது அன்று என்பதை வீட்டுக்காரர் பிரித்தறிய வேண்டும். பொருத்துவேலைக்கும் ஒழுகலுக்கும் தனி எழுத்து வேண்டும்.

மின்கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காத ஒப்பந்தக்காரர், அளவைத் தம் வசதிக்கே முடிவு செய்கிறார். தமிழகத்தில் இருமாதத்துக்கு முதல் 100 அலகு கட்டணமில்லை. பயன்பாடு 500 அலகைத் தாண்டினால் கீழ்ப்படியின் குறைந்த விகிதம் மறைந்து 101ஆம் அலகிலிருந்தே கூடுதல் விகிதம் விழுகிறது. ஆகவே குளிர்சாதனக் கருவியும் நீர்ச்சூடாக்கியும் ஓடி 500ஐத் தாண்டும் வீட்டுக்கு இவ்வமைப்பு விரைவில் பலன் தருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதிய தம்பதியர் இருவர் மட்டும் வாழ்ந்து 200 அலகுக்குள் முடிக்கும் வீட்டுக்கு, போட்ட பணம் திரும்ப மிக நீண்ட காலம் ஆகிறது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், அமைப்பு வேண்டாம், அந்தப் பணத்தில் மாடிக்கு வெப்பத்தைத் திருப்பும் வெண்பூச்சும் நீர்த்தடுப்பும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சென்ற ஒப்பந்தக்காரர் ஒருவரை இக்கட்டுரையாளர் அறிவார். அந்தத் தெருவின் பின்னைய வேலைகள் பெரும்பாலும் அவருக்கே போயின. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 அலகு என்பது பொதுக்கணக்கு. இரு மழைக்கால மேகத்தையும் மனத்திற்கொண்டு, மாதவாரியாக மாறும் எண்களைத் தருபவரின் கணக்கை ஏற்கலாம், ஆண்டு முழுவதும் 5 அலகு என்று உறுதியளிப்பவரின் கணக்கை ஏற்க முடியாது.

2022 ஜூலையில் தேசிய இணையவாயில் தொடங்கப்பட்டதும், 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் அறிவிக்கப்பட்டதும் இத்தொழிலின் நடைமுறையை மாற்றின. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம், இப்போது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. முன்னர் மானியத்தைக் கழித்துக்கொண்டு விலை சொன்னவர்கள் உண்மையில் எவ்வளவு கழித்தார்கள் என்பதைச் சரிபார்க்க வழியில்லாதிருந்தது. இத்திட்டத்தில் பதிவுபெற்ற விற்பனையாளர் ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்குக் கட்டுப்பட்டவர். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த சூரியமின்கலங்களைக் கொண்ட தகடுகள் கட்டாயம் என்பதால், விலையில் கணிசமாகக் குறைந்த இறக்குமதித் தகட்டை வைத்துவிட்டு மானியமும் கிடைக்கும் என்று சொல்பவரின் சொல்லில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க முடியும். 2024ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதித் திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தனித் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. மின்வாரியத்தில் ஆள் பிடிக்க வேண்டும் என்று தனித்தொகை கேட்பவருக்கு இதை எடுத்துச் சொல்லலாம். வரியும் மாறியிருக்கிறது: சூரியமின் கருவிகளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது, மதிப்பீட்டுத் தாளில் பழைய விகிதம் இருந்தால் கேட்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒரு பகுதி நில இணைப்பு, அதாவது எர்த். துலாமாத மழையோடு வரும் இடி இம்மாவட்டத்தில் கடுமையானது. தகடு-சட்டம், மாறுதிசை மின்பகுதி, இடிதாங்கி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குழி வேண்டும், மின்தடை 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் கல்லும் செம்மண்ணும் கலந்த மேட்டுநிலத்தில் இந்த அளவை எட்டுவது எளிதன்று என்பதால், செலவை மிச்சப்படுத்த மூன்றையும் ஒரே குழியில் இணைத்துவிடுகிறார்கள். அளந்து காட்டச் சொன்னால் கருவி கொண்டுவராத ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைத் தரக் கூடாது.

தவணைகளைப் பிரிப்பதில் இவ்வட்டாரத்தில் பயன் தந்த முறை இது: பதிவுக்கும் வரைபடத்துக்கும் ஒரு சிறு தொகை, பொருள் வந்து இறங்கித் தகட்டின் வரிசை எண்கள் தாளோடு ஒத்துப்பார்க்கப்பட்டபின் பெருந்தொகை, நெட் மீட்டர் பொருத்தப்பட்டபின் மீதி. ஒழுகல் பொறுப்புக்கென ஒரு சிறு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் அவரையே தேர்ந்தெடுக்கலாம். ஒப்பந்தம் கெட்டால் போகவேண்டிய இடத்தையும் அறிந்திருக்க வேண்டும். மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் தனிவீட்டுச் சீரமைப்புக்குப் பொருந்தாது. 1993ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து வீடு கட்டுதல் நுகர்வோர் சட்டத்தில் சேவையாகக் கொள்ளப்படுவதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறையிடலாம். அங்கே பேசப்போவது பொருள்வாரியாக விலை குறித்த மதிப்பீடும் கையொப்பமிட்ட ஒப்பந்தமும் வரிப்பட்டியலும்தான். வரிப்பட்டியல் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் அந்தக் குறைவுக்காக இவ்வுரிமையை விட்டுக்கொடுக்க நேர்கிறது.

இறுதியாகத் தேர்வுக்கு முன் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஒப்பந்தக்காரர் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் முடித்த வீடுகளில், தம் வீட்டைப் போன்ற நிலத்தில் அமைந்த ஒன்றைக் கேட்டு, அவரில்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். கடலோர வீட்டுக்காரருக்குக் கடலோரக் கூரை, கணவாய்க் காற்றில் இருப்பவருக்குத் தோவாளைப் பக்கத்துக் கூரை. அங்கே துளைகளைச் சுற்றியுள்ள இரும்பையும், கேபிள் வெயிலில் வெடித்திருக்கிறதா என்பதையும், தகடுகளுக்கு நேர்கீழே உள்ள அறைகளின் உட்கூரையில் ஈரக்கறை படிந்திருக்கிறதா என்பதையும், சென்ற ஆண்டின் மின்கட்டணச் சீட்டுகளையும் பார்த்தபின், கடைசியாக எப்போது அவரைக் கூப்பிட்டீர்கள், கூப்பிட்ட எத்தனையாவது நாளில் வந்தார் என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.